அத்தையிடம் மெஷின் கேட்ட கேள்வி

ஹாபாய், டோங்கா
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகள் லவினியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் சுகம். சிட்னிக் குளிரில் நீயும் தம்பியும் சுகமாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். லோசேலி அத்தைக்குத்தான் சுகமில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கு நல்ல காலம் என்று எழுதியிருந்தாய். வந்துவிட்டது மகளே, நம் ஒற்றை அறை கிளினிக்குக்கே வந்துவிட்டது. கேள்வி கேட்டு நோயை எழுதிக்கொள்ளும் மெஷின், நம் மொழியைப் போதகரைவிட மரியாதையாகப் பேசுகிறது. அது வந்ததும் நர்ஸ் ஃபுசியை வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும் என்றுவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அத்தையைக் கூட்டிக்கொண்டு நானும் அப்பாவும் போனோம். அது சத்தமாக, மார்பில் கட்டி ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டது. அக்காவும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து டிவிகூடப் பார்க்காத குடும்பம் நம்முடையது, தம்பியான உன் அப்பா காதுபட அவள் என்னத்தைச் சொல்வாள்? இல்லை என்றாள். எழுந்து போனால் கேள்வி காதில் விழுந்ததாக ஆகிவிடுமே என்று அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப சந்தோஷம், போய் வாருங்கள் என்றது மெஷின்.

பழி முழுவதையும் அதன் தலையில் போட மாட்டேன். அந்தக் கட்டியை நான் முன்பே பார்த்திருந்தேன், நானும் வாயைத் திறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஃபுசி வரும் நாள், அத்தையின் இருமலுக்கு மருந்து வாங்கப் போனோம். அத்தை முகத்தைப் பார்த்ததுமே ஃபுசி உன் அப்பாவிடம், மாமா, எவன் வீட்டுப் பன்றியோ என் மரவள்ளியைத் தோண்டுது, கொஞ்சம் விரட்டிட்டு வாங்களேன் என்றாள். வெளியே பன்றியே இல்லை. அப்பா அரைமணி நேரம் விரட்டினார். அதற்குள் அத்தை எல்லாவற்றையும் சொல்லி அழுது முடித்தாள். இப்போது கட்டி பெரிதாகிவிட்டதாம், வருகிற வியாழக்கிழமை தலைநகர் நுக்குஅலோஃபாவில் ஆபரேஷன். இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் இவ்வளவு அறுக்க வேண்டியிருக்காது என்றார் ஃபுசி எங்களை அனுப்பிவைத்த ஆஸ்பத்திரி டாக்டர். மெஷினுக்கு ஆயிரம் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்பது தெரியவில்லையே. ஃபுசியின் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்களுக்கு வேண்டுமானால் இது நல்ல காலமாக இருக்கும்.

அத்தைக்காக ஜெபம் பண்ணு. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இன்னொன்று, மறந்துவிடாதே. உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் போனிடம்தான் கேட்பதாக எழுதியிருந்தாய். தம்பியிடம் சொல்ல மாட்டாய், சொல்லவும் கூடாது. எனக்குச் சொல். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

உன் அம்மா,
மெலியாமே