கணினி தூங்கக் கூடாது

நிலவுத் தென்முனை அகழ்வு நிலையம். பராமரிப்புப் பதிவேடு.
எழுதுபவர்: மரிய ஜெசிந்தா, பராமரிப்புப் பொறியாளர்.

நாள் 112, 09:10
அழுத்தம் சரி. கரியமில வாயு 0.4 சதவீதம். தண்ணீர்த் தொட்டி பாதி. நேற்று தீப்பிடித்த கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் கரி. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த பலகை அது. மாற்று இல்லை. அறிக்கை தட்டுவதற்கென்று கொடுத்திருந்த மேசைக் கணினியில் அதே மென்பொருளை ஏற்றிக் கேபிளைச் செருகினேன். இயந்திரம் ஓடுகிறது. பூமியுடன் பேசுவதும் இனி இந்தக் கணினி வழியாகத்தான்.

இங்கே இரண்டு பேர். நானும், துளைப்பு இயந்திரம் ஓட்டும் இசக்கிராஜும். தீயை அணைத்தது அவன்தான். புகை நிறைய உள்ளே போய்விட்டது, இருமல் நிற்கவில்லை. முகமூடி போடாமல் ஏன் ஓடினாய் என்று திட்டினேன். "அதத் தேடிட்டு நின்னா நீங்க வெந்திருப்பீங்கக்கா" என்றான்.

மீட்புக் கலம் நாள் 118 காலை வரும்.

நாள் 112, 11:45
திரை கறுப்பாகிவிட்டது. யாரும் தட்டாமல் இருபது நிமிடம் ஆனதும் கணினி உறக்க நிலைக்குப் போயிருக்கிறது. கேபிளில் மின்சாரம் நின்றதும் சுத்திகரிப்பு இயந்திரமும் நின்றுவிட்டது. விசையைத் தட்டியும் கணினி எழவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஏற்றி, வால்வுகளைக் கையால் திறந்து, இயந்திரம் பழைய வேகத்துக்கு வர முக்கால் மணி நேரம். வாயு 0.8. இந்த அறையில் இரண்டு பேர் நீட்டிப் படுக்கத்தான் இடம். சட்டென்று ஏறுகிறது, இறங்க நாளாகிறது.

மின்சார அமைப்பில் 'உறங்க வேண்டாம்' என்று மாற்றினேன். தீர்ந்தது.

நாள் 112, 14:20
தீரவில்லை. மறுபடி தூங்கிவிட்டது. ஏற்றிப் பார்த்தால் அமைப்பு பழையபடி இருபது நிமிடத்துக்கே திரும்பியிருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில்: 'இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.'

பூமி மையத்தில் பணியில் இருப்பவர் ஷாகுல்.
"மேடம், அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்கெல்லாம் போட்ட மின்சாரச் சிக்கன விதி. அட்மின் பாஸ்வேர்டு இருந்தா எடுத்துடலாம்."
"பாஸ்வேர்டைச் சொல்லுங்க."
"இத செட் பண்ணினவர் வேலைய விட்டுப் போயிட்டார். தேடிட்டு இருக்கோம். அதுவரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்க ஏதாவது ஒரு கீயத் தட்டிக்கிட்டே இருங்க."

தட்டுகிறேன்.

நாள் 113, 10:05
செய்து பார்த்தவை:
பாட்டு ஓடவிட்டேன். பாட்டோடு சேர்ந்து தூங்கியது.
தானாகத் தட்டும் சிறு நிரல் எழுதினேன். அனுமதி இல்லை என்கிறது.
மவுஸ் செருக இடமில்லை. வேலை செய்யும் துளைகள் இரண்டே. ஒன்றில் விசைப்பலகை, மற்றதில் இயந்திரத்தின் கேபிள்.
வால்வைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்தேன். விசிறி நின்றுவிடுகிறது.

நேற்றிரவு முழுக்க நான் தூங்கவில்லை. வாயு 1.1. இசக்கிராஜுக்கு மூச்சு இழுக்கிறது. ஆக்சிஜன் பாட்டிலை அவன் பக்கம் வைத்தேன். தான் ஒரு மணி நேரம் தட்டுவதாகச் சொன்னான். நிமிர்ந்து உட்காரவே முடியாதவன். பேசாமல் படு என்றேன்.

நாள் 114, 09:30
ஷாகுல் சொன்னபடி, கணினியின் மின்சாரத்தைக் கவனிக்கும் இயக்கி மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். செய்திருக்கக் கூடாது. முன்பு இருபது நிமிடம் பொறுத்தது. இப்போது இரண்டே நிமிடம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் தூங்கிவிட்டது. மறுபடி முக்கால் மணி நேரம். வாயு 1.7.

"மேடம், ஒரு தடவ முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவரும் வீட்டுக்குப் போகவில்லையாம்.

நாள் 114, 16:40
எழுதிக்கொண்டிருக்கும்வரை இது தூங்காது. அதனால் எழுதுகிறேன். படிப்பவர் யாரானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் ஒன்றும் இல்லை.

தலை இடிக்கிறது. பதினேழோடு எட்டைக் கூட்ட மூன்று முறை முயன்றேன். இது வாயுவின் வேலை, எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

இசக்கிராஜ் வள்ளியூர்க்காரன். மனைவி பெயர் பேச்சியம்மாள். வந்த முதல் மாதம் என்னை 'மேடம்' என்றான். நானும் தூத்துக்குடிப் பக்கம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து 'யக்கா'. இருமினால் வாயைத் துணியால் மூடிக்கொள்கிறான், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். இந்த அறையில் எங்கே போய்க் கேட்காமல் இருக்க.

நாள் 115, 11:15
என்னையறியாமல் கண்ணயர்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்தபோது திரை கறுப்பு, விசிறிச் சத்தம் இல்லை. வாயு 2.9. இசக்கிராஜின் உதடு நீலம். ஏற்றினேன். வால்வுகளை வரிசை மாற்றித் திறந்துவிட்டேன், முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல்.

"மேடம், பாஸ்வேர்டு போட்டவரோட வீட்ட கண்டுபிடிச்சிட்டோம். ஆளு ஊர்ல இல்ல. மேடம், கேக்குதா?"

கேட்கிறது.

ஆக்சிஜன் பாட்டில் காலி.

நாள் 116, 07:50
எழுத்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. பிழையைத் திருத்தப் போவதில்லை.

இசக்கிராஜ் எழுந்து வந்துவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். "யக்கா, நீங்க விழுந்துட்டா ரெண்டு பேருமே செத்தோம். திரும்ப ஏத்த எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு மணி நேரம் படுங்க, நான் தட்டுதேன்."

அவன் சொன்னது சரி. அதுதான் கொடுமை. இரண்டு மணி நேரம் கழித்து எழுப்புவதாகச் சத்தியம் செய்திருக்கிறான். அவனை பெல்ட் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

நாள் 116, 08:02
நான் இசக்கிராஜ். யக்கா படுத்ததும் தூங்கிட்டாங்க. கம்ப்யூட்டர் முழிச்சிருக்கு.

08:40 முழிச்சிருக்கு.

09:55 ரெண்டு மணி நேரம் ஆச்சு. எழுப்பல. நாலு நாளா சரியா கண்ண மூடாத மனுசி. திட்டுனா திட்டட்டும்.

10:30 ஷாகுல் சார் கேட்டாரு. நல்லா இருக்கோம்னு சொல்லிட்டேன்

11:20 நெஞ்சு அடைக்கி. விரல் மட்டும் நல்லா இருக்கு அது போதும்

12:05 பேச்சிக்கு ஒரு வார்த்த. நீ சொன்னதுதான் சரி, வீட்டுக்கு மேல மாடி எடுக்க வேண்டாம். ஒத்த ரூமு போதும். ஜன்னல் பெருசா வையி. காத்து வரணும்

12:41 முழிச்சிருக்கு

12:58 யயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயயய

நாள் 116, 18:25
ஜெசிந்தா. மேலே 'ய' என்ற எழுத்து அறுநூறு பக்கத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை அழித்தேன்.

நான் பத்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன். விழித்தபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வாயு 1.2. தலைவலி இல்லை. அவன் விசைப்பலகையின்மேல் சாய்ந்திருந்தான். என்னைக் கூப்பிடத்தான் அடித்திருக்கிறான், முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. விரல் அதே விசையில் அழுந்திக் கிடந்தது. உடம்பு குளிர்ந்துவிட்டது.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் அந்த விரல் இந்தக் கணினியைத் தூங்கவிடவில்லை.

அப்படியென்றால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தாலே போதும். யாரும் தட்ட வேண்டியதில்லை. கனமான ஏதாவது ஒன்றை வைத்திருந்தால் போதும். முதல் நாளே. இங்கே எடை குறைவுதான், ஆனாலும் காலி ஆக்சிஜன் பாட்டில் போதும், உபரி பேட்டரி போதும். நான் பதினான்கு வருடப் பொறியாளர். எனக்குத் தோன்றவில்லை. ஷாகுலுக்கும் தோன்றவில்லை.

"மேடம், நல்ல செய்தி. பாஸ்வேர்டு கெடச்சிடுச்சு. எழுதிக்கிறீங்களா? இசக்கிராஜ் எப்படி இருக்கார்? மேடம்?"

இன்னும் பதில் சொல்லவில்லை. சொன்னால் நேரம் கேட்பார்கள், படிவத்தில் நிரப்ப. எத்தனை மணிக்கு? 12:58க்குப் பிறகு எல்லாம் ஒரே எழுத்து. எந்த 'ய' வரை அவன் அழுத்தினான், எதிலிருந்து வெறும் விரல் அழுத்தியது என்று தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

அவனைப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும். அதுவரை பேட்டரியை இடைவெளி விசையின்மேல் வைக்கிறேன். இதற்குக் கீழே வெற்றுப் பக்கங்களாக வரும். யாரும் அழிக்க வேண்டாம்.