மூத்த லாசரின் வயசு

3-8-1982, செவ்வாய்

மதுரைக்குப் பிளேன் ஓட்டிப் போய் திருச்சி வழியாகத் திரும்பினேன். வழியெல்லாம் மேகம், ஓயாத ஆட்டம். பின்னால் ஒரு குழந்தை மதுரையில் ஆரம்பித்த அழுகையை மீனம்பாக்கத்தில்தான் நிறுத்தியது. எனக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

கம்பெனி வண்டி என்னை மணிமங்கலத்தில் இறக்கிவிடும்போது மணி மூன்று. டிரைவர் நாகப்பன் வழக்கம்போல ஆரம்பித்தான். "ஏர்போர்ட்டாண்ட எடமே கெடைக்கலியா சார்? இந்தக் கோடியில வந்து வூடு கட்டிக்கினு கீறீங்களே!" இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் நீ வரவேண்டியதில்லை என்றேன். சொன்ன பிறகு வாய் கசந்தது.

ரோஸி மேஜைமேல் ஒரு கவரை வைத்திருந்தாள். பிரித்துப் படித்திருக்கிறாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் வாயைத் திறக்காத நாட்களை விரல் விட்டு எண்ணலாம். கம்பெனிக் கடிதம், இங்கிலீஷில் நாலு வரி. சுருக்கம் இதுதான்: அக்டோபர் 17-ல் உனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, 31-ஆம் தேதியோடு நடையைக் கட்டு. ஃபைலை முடிக்க ஞானஸ்நானச் சான்று ஒன்று வேண்டுமாம், பங்குச் சாமியார் முத்திரையோடு.

தெரிந்ததுதான். தெரிந்தது நடந்தால் வலிக்காது என்று எவன் சொன்னான்?

6-8-1982, வெள்ளி

பைலட் ரூமில் இன்றைக்கும் அதே சண்டை. ஓய்வு வயசை அறுபதாக்கு என்று எங்கள் சங்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, கம்பெனி காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. அது போதாதென்று துணை பைலட்டுகள் முப்பது பேர், ஆக்கவே கூடாது என்று ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது கையெழுத்து கோதண்டராமன். என் பக்கத்து சீட்டில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவன்!

"வெளிநாட்டுல அறுபது வரைக்கும் ஓட்டறான். இங்க மட்டும் ஐம்பத்தெட்டுல கண்ணு அவிஞ்சு போயிடுதா?" என்று கத்தினேன். டீ கொண்டுவந்தவன் வாசலோடு திரும்பிவிட்டான்.

கோதண்டராமன் கத்தவில்லை. "சார், எனக்கு நாற்பத்தொண்ணு. பதினோரு வருஷமா வலது பக்க சீட்டு. ஒரு கேப்டன் எழுந்தாத்தான் எங்கள்ல ஒருத்தன் இடது பக்கம் உட்கார முடியும். நீங்கள்லாம் இன்னும் ரெண்டு வருஷம்னா, நான் கேப்டன் ஆகறதுக்குள்ள என் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றான்.

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். மனசு வரவில்லை.

9-8-1982, திங்கள்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் பழைய பங்குக் கோவிலுக்குப் போனேன். யாக்கோபு சாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி, 1924-ஐப் புரட்டினார். "லாசர். தகப்பன் ஆபிரகாம், தாய் மரியம்மாள். பிறந்தது அக்டோபர் 17." நான்தான். எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார். ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை. பழைய சாமியார் யாரோ போட்டது. பக்கத்தில் "மரணம், ஜூலை 1926".

"கேப்டன், இந்த லாசர் செத்துப் போயிட்டாரே!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளினார். மறுபடி லாசர். அதே ஆபிரகாம், அதே மரியம்மாள். பிறந்தது 8 மார்ச் 1927. அதற்குப் பக்கத்தில் சிலுவை இல்லை.

எனக்கு முன்னால் ஒருத்தன் இருந்திருக்கிறான். செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது எங்கள் ஜனங்களிடம் உண்டுதான். ஆனால் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? செங்கல்பட்டில் ஹைஸ்கூல் சேர்க்கச் சான்று கேட்டபோது, அன்றைக்கிருந்த சாமியார் முதலில் கண்ணில் பட்ட லாசரைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் பிறந்த நாள் கொண்டாடுகிற வழக்கமும் கிடையாது, பேர்கொண்ட புனிதரின் திருநாள் மட்டும்தான். சரிபார்க்க யாருக்குத் தோன்றும்?

10-8-1982

எனக்கு ஐம்பத்தைந்துதான் ஆகிறது! கண்ணாடியில் பார்த்தேன். நம்புகிற மாதிரி இல்லை.

18-8-1982, புதன்

பணியாளர் பிரிவு மேலாளரைப் பார்த்தேன். இரண்டு பக்கங்களின் நகலையும் வைத்தேன். ரெண்டு வருஷம் அஞ்சு மாசம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டு லாசர்ல நீங்க எந்த லாசர்னு யார் சொல்றது? சிலுவையைத் தப்பா மாத்திப் போட்டிருந்தா?"

கேள்வி நியாயம்தான். அடக்கப் பதிவேடு செல்லரித்துப் போய்விட்டதாக சாமியார் சொல்லியிருந்தார். பிறப்பை நேரில் அறிந்தவர் யாராவது நோட்டரி வக்கீல் முன்னால் சத்தியக் கடுதாசி எழுதித் தர வேண்டுமாம். அப்புறம் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் மேலாளர்.

எழுந்து வரும்போது இன்னொன்றையும் எறிந்தார். "யுத்தத்துல விமானப்படையில சேர்ந்தப்ப, உங்க கணக்குப்படி உங்களுக்குப் பதினேழு. அன்னைக்குச் சேர்த்திருக்கவே மாட்டாங்க. அப்போ இனிச்ச தேதி இப்போ கசக்குதா கேப்டன்?"

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பிளேனில் ஏறிய பிறகு நாலு பதில் வந்தது. எதுக்கு?

22-8-1982, ஞாயிறு

பிறப்பை நேரில் அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்தி, கிளாரா அக்கா. என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். சேரப்பணஞ்சேரியில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய் எட்டு வருஷம் ஆகிறது. பூசை முடிந்து அவளோடு நடந்துபோனேன். வாசலில் வைத்தே கேட்டுவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு லாசர் இருந்தானாமே?

கையிலிருந்த ஜெபமாலையை முந்தானையில் முடிந்தாள். அவிழ்த்தாள். மறுபடி முடிந்தாள்.

"யார் சொன்னா உனுக்கு?"

"கோவில் புக்ல இருக்குக்கா."

"புக்குல எழுதிக் கீதா..." உள்ளே போனாள். மோர் கொண்டுவந்து வைத்தாள். விவரம் சொன்னேன். நீ ஒரு கையெழுத்து போட்டால் போதும், நான் இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுவேன் என்றேன். "அவன் எப்ப பொறந்தான், எப்ப செத்தான், அவ்வளவுதான் எழுதணும்."

"என்னால ஆவாது தம்பி. வேற இன்னா வேணா கேளு."

நான் கத்திவிட்டேன். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகுவா என்று கேட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோஸி இதைக் கேட்டுவிட்டு, "பிளேன் ஓட்டற மனுஷன் பேசற பேச்சா இது?" என்றாள். அவள் சொன்னது சரி. எனக்கு ஓட்ட வேண்டும். அதுவும் சரி. வேறென்ன தெரியும் எனக்கு? காலையில் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே போகிற பிளேனை அண்ணாந்து பார்க்கவா?

31-8-1982

மதுரை, திரும்பி. மதுரை, திரும்பி. அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

9-9-1982, வியாழன்

நேற்று மாதா பிறந்த நாள். பூசை முடிந்ததும் அக்கா நேராக பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள். "நாளைக்குப் போலாம். எங்க கையெழுத்து வெக்கணும்?" என்றாள். ரோஸியோடு படுத்துக்கொண்டாள்.

இன்று ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனோம். நோட்டரி வக்கீலின் டைப்பிஸ்ட் பெண், லீலா என்று பெயர், கேள்வி கேட்டுக் கேட்டு அடித்தாள். முதல் குழந்தை பிறந்த தேதி, இறந்த மாதம். அப்புறம் வழக்கமான குரலில், "எப்படி இறந்தது?"

"தண்ணியில."

"தண்ணியில விழுந்து..." அவள் அடித்துக்கொண்டே போனாள்.

"இரும்மா. நான் சொல்றேன், நீ அடி." அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா நடவுக்குப் போயிருந்தா. புள்ளைய என்னாண்ட வுட்டுட்டுப் போனா. எனுக்கு ஒம்போது வயசு. ஏரி மதகாண்ட அவனை ஒக்கார வெச்சிட்டு, நான் புள்ளைங்களோட கல்லாங்கா ஆடிக்கினு இருந்தேன். ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ள... திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். கால்வாயிலதான் எடுத்தாங்க. அம்மா என்னை ஒரு அடி அடிக்கல. ஒரு வார்த்த கேக்கல. இவன் பொறந்ததும், லாசரு திரும்பி வந்துட்டான்னு அதே பேரை வெச்சா. அத்தோட அவனைப் பத்தி வூட்ல யாரும் வாயைத் தெறக்கல."

லீலா அடிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். இதெல்லாம் தேவையில்லை பாட்டிம்மா, தேதி போதும் என்றாள்.

"போடு. என்னோட அஜாக்கிரதையால செத்தான்னு போடு. போடலைன்னா கையெழுத்து வெக்க மாட்டேன்."

போட்டாள். 'எனது அஜாக்கிரதையினால்.' அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். கையெழுத்து வைத்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் பாவி. வேறென்ன எழுத?

23-9-1982, வியாழன்

திருச்சியில் இறங்கும்போது கன்ட்ரோல் நாலாயிரம் அடி என்றது. நான் மூவாயிரம் என்று திருப்பிச் சொன்னேன். கோதண்டராமன் மெதுவாக, "நாலு, சார்" என்றான். நாலே. நாலுதான். அடுத்த நொடியில் திருத்திக்கொண்டேன், ஒரு கெடுதலும் இல்லை. முப்பது வயசில்கூட இப்படி நாக்கு புரண்டிருக்கிறது.

ஆனால் முப்பது வயசில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தேன். இது ஐம்பத்தைந்தில் வந்த தப்பா, ஐம்பத்தெட்டில் வந்த தப்பா? டாக்டர் போன மாசம்தான் இருதயம் குதிரை மாதிரி ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தார். குதிரைக்குத் தூக்கம் வந்தால் என்ன செய்வது என்று அவர் எழுதவில்லை.

டீ குடிக்கும்போது கோதண்டராமனிடம் சத்தியக் கடுதாசி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் வெளுத்தான். "அப்போ நான் கேப்டன் ஆகறது எண்பத்தஞ்சுலதானா சார்?" என்றான். அப்புறம், "உங்க வயசு உங்களுக்குக் கிடைக்கணும் சார். அது வேற, நான் போட்ட கையெழுத்து வேற" என்றான். நல்ல பையன். திட்டவும் முடியவில்லை.

12-10-1982, செவ்வாய்

சத்தியக் கடுதாசிக்குக் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. பணிப் பதிவேட்டில் ஏறின பிறந்த தேதியை, சேர்ந்த ஐந்து வருஷத்துக்குப் பிறகு எக்காரணம் கொண்டும் மாற்ற இயலாது. எக்காரணம் கொண்டும்!

இந்த விதி ஆகஸ்டில் அந்த மேலாளருக்குத் தெரியாதா? அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் அந்தக் கிழவியை ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இழுத்துப் போயிருப்பேனா? ஐம்பத்தாறு வருஷம் அடைத்து வைத்திருந்ததை ஒரு டைப்ரைட்டர் முன்னால் கொட்டினாள். என் ரெண்டு வருஷத்துக்காக. அதுவும் இல்லையென்று ஆச்சு.

13-10-1982

அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை, உன்னை வீணாகக் கஷ்டப்படுத்திவிட்டேன் என்றேன்.

"அந்தக் காய்தம் இன்னா ஆவும்?" என்றாள்.

"ஆபீஸ் ஃபைல்ல கிடக்கும்."

"கிழிக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க. அதுபாட்டுக்கு இருக்கும்."

"இருக்கட்டும்" என்றாள். "எங்கியாவது ஒரு எடத்துல அவன் பேரு இருக்கட்டும்."

31-10-1982, ஞாயிறு

கடைசி. மதுரையிலிருந்து கிளம்பும்போது நல்ல வெயில். இறக்கம் சுத்தமாக அமைந்தது. கோதண்டராமன் எழுந்து நின்று கை கொடுத்தான், அவன் கண் கலங்கியிருந்தது. நாளை மறுநாள் அவனுக்குக் கேப்டன் ஆர்டர். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கால் வலி.

2-11-1982, செவ்வாய்

கல்லறைத் திருநாள். அக்கா வரச் சொல்லியிருந்தாள். ரோஸியும் நானும் போனோம். கல்லறைத் தோட்டத்தில் பெஞ்சு போட்டுப் பூசை. முடிவில் கோவில் உபதேசியார் இறந்தவர்கள் பெயர்ப் பட்டியலை வாசித்தார். சூசை, மிக்கேல், அந்தோணியம்மாள் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஜனங்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"ஆபிரகாம் மகன் லாசர்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து ஒருத்தி, "ஐயையோ, கேப்டன் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு கீறாரே!" என்றாள். யாரோ சிரித்தார்கள். உபதேசியார் தவித்துப்போய் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அக்கா எழுந்து நின்றாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அந்தப் பேரை அடிக்காதீங்க உபதேசியாரே. நான்தான் எழுதிக் குடுத்தேன். அது மூத்தவன். ரெண்டு வயசுல என் கையிலேர்ந்து போனவன்."

அப்புறம் குனிந்து என் தோளில் கையை வைத்தாள்.

"இவன் சின்னவன். இவனுக்கு அம்பத்தஞ்சுதான் ஆவுது."