கோயில் சுவரில் இரண்டு கைகள்

அன்புள்ள அத்தானுக்கு,

மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? நம் கோயில் சுவரில் நான் வரைந்த படம் முடிந்துவிட்டது. கடலில் மூழ்கப்போன தம் சீடர் இராயப்பரை ஆண்டவர் கைப்பிடித்துத் தூக்குகிறார்.

சங்கு குளிக்கும் கஸ்பார் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏளா, ஈர உள்ளங்கையப் பிடிச்சா வழுக்கிரும். மணிக்கட்டத்தான் பிடிக்கணும். மாத்தி வரைஞ்சிரு."

தூரிகையை எடுத்தேன், மனம் வரவில்லை. அன்று நீங்களும் நம் மகனின் உள்ளங்கையைத்தான் பிடித்தீர்கள். அதற்காகத்தானே இரண்டு வருடமாக ஊர்ப்பக்கமே வரவில்லை?

பிள்ளை மூழ்கும்போது யார் யோசித்துப் பிடிப்பார்கள்? ஆண்டவரும் அப்படித்தான் பிடித்திருப்பார். மாற்றவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்தேன். ஆண்டவரின் கட்டைவிரலில், தூண்டில் முள் கிழித்த உங்கள் தழும்பு.

திருவிழாவுக்கு வந்து பாருங்கள்.

இன்னும் உங்கள் கையை விடாதவள்