ஞாயிற்றுக்கிழமை யார் முறை?

ரசத்துக்கு நான் உப்புப் போட்டேனா என்று இன்னமும் எங்கிருந்தோ எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் மேல் கோபமாக இருக்கிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த வருஷம் முழுக்க உன்னை நினைத்து அழுதவள்தான். பத்து நாளாக அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.

வீட்டைப் பற்றிக் கேட்பாய். துடியலூரில் புதுசாகக் கட்டிய அபார்ட்மெண்ட் என்றால் மூன்றே மாசத்தில் பெயிண்ட் உரியும் என்றாயே, உரியவில்லை. உன் பிடிவாதத்துக்காக ஹாலில் அடித்த மஞ்சளும், என் பிடிவாதத்துக்காக என் அறையில் அடித்த பச்சையும் அப்படியே இருக்கின்றன. பால்கனியில் நீ வைத்த முல்லை கிரில் பிடித்து ஏறி மேல் மாடிக்கே போய்விட்டது. அங்கே இருக்கும் டீச்சர் கையை நீட்டிப் பறித்துக்கொள்கிறார். மில் ஆபீசில் என் டைப்ரைட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்கள். அதுவும் பழகிவிட்டது.

நாற்காலிக்காக நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு பேருக்கு எதுக்கும்மா ஆறு நாற்காலி?" என்று கடையிலேயே கத்தினேன். "வாரவிய நின்னுட்டேவா பேசுவாங்க கண்ணு?" என்றாய். நம் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆகாதவள், வாயைத் திறந்து யாரிடமும் பேசாதவள், ஆபீஸ் விட்டால் வீடு என்று இருப்பவள். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

பால் காய்ச்ச அழைக்கப் போனதையும் இப்போதுதான் யோசிக்கிறேன். அப்பா போனபிறகு நீ யார் வீட்டு விசேஷத்துக்கும் அழைக்கப் போனதில்லை. தொண்டாமுத்தூரில் சொந்தத் தம்பி மகள் கல்யாணத்தில்கூட வெற்றிலை பாக்குத் தட்டைத் தொடாமல் பின்னால் நின்றவள். இங்கே வந்ததும் நீயே தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ கர்ட்டனை மாட்டு சாமி, நா போய்ட்டு வாரேன்" என்றாய். புது ஊர், புது தைரியம் என்று நான் பூரித்துப்போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

குடிவந்த ஐந்தாம் மாசம் நீ போய்விட்டாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? நன்றாக இருந்தேன், அம்மா. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு மும்தாஜ் வருவாள். உக்கடத்தில் மரக்கடை வைத்திருக்கிறாரே, அவர் மனைவி. எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவோம். ஷோகேஸை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடச் சொன்னது அவள்தான். புதன்கிழமை கீழ்வீட்டு ருக்குமணியக்கா நடக்கக் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை டீச்சர் டி.வி.யில் பாட்டு பார்க்க இறங்கி வருவார். முப்பத்தொன்பது வயதில் எனக்கும் சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள் என்று ஆபீசில் பீற்றிக்கொண்டேன்.

போன வாரம் புதன்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுச் சீக்கிரம் வந்தேன். படியில் ஏறும்போது மேலே பேச்சுக் குரல்.

"ஏனுங்க மும்தாஜ், இன்னிக்கு என்ற மொறை. ஆனா மக ஊட்டுக்குப் போகோணும். சாந்தாமணிய நீங்க சித்த பாத்துக்கறீங்களா?"

"போய்ட்டு வாங்கக்கா. வர்ற திங்கக்கெழம எனக்குப் பதிலா நீங்க போயிருங்க."

கைப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் ருக்குமணியக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"உங்கம்மா தட்டோட வந்தாங்க கண்ணு. பால் காய்ச்ச வரச் சொல்லிப்போட்டு, கையப் புடிச்சுட்டாங்க. 'இருதயம் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. என்ற புள்ள ஒண்டியாப் போயிருவா. தானா வந்து பேசத் தெரியாது. நீங்க மூணு பேரும் மொறை வெச்சுட்டு ஆளுக்கொரு நா போய்ப் பாருங்க. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க'ன்னாங்க."

முறை! நம் ஊரில் கிணற்றுத் தண்ணீருக்கு வைக்கிற முறை. பங்காளிகள் ஆளுக்கொரு கிழமை என்று மோட்டார் போட்டுக்கொள்வார்களே, அதே கணக்கை என் மேல் வைத்துவிட்டாய். உனக்குத் தெரிந்த ஏற்பாடு அது ஒன்றுதான், இல்லையா? ஆனால் நான் என்ன, காய்ந்துகிடக்கிற வயலா?

அன்றைக்குத்தான் பார்த்த மூன்று பேரிடம் உன் இருதயத்தைப் பற்றிச் சொன்னாய். ஒரே அறையில் பக்கத்தில் படுத்த என்னிடம் வாயுத் தொல்லை என்றாய். நானும் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். தெரிந்திருந்தால் லீவு போட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேனா? அந்த ஐந்து மாசத்தை என்னிடமிருந்து ஏன் பிடுங்கிக்கொண்டாய்? எனக்காக ஊராரிடம் கையேந்தினாயே, அந்தப் பெண்கள் என் முன்னால் சிரித்ததெல்லாம் கடமைக்கா, பிரியத்துக்கா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

கதவைச் சாத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமை டீச்சர் பெல் அடித்தார், திறக்கவில்லை. திங்கட்கிழமை மும்தாஜ், புதன்கிழமை ருக்குமணியக்கா, நேற்று மறுபடி டீச்சர். யாருக்கும் திறக்கவில்லை. ஆறு நாற்காலிக்கு நடுவில் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். சாப்பிட்டு முடித்தபோது பெல் அடித்தது.

"சாந்தாக்கா, இன்னைக்குச் சனிக்கெழமைங்க. யாரு மொறையும் இல்ல. நானாத்தான் வந்திருக்கேன். கதவத் தொறங்க."

திறந்தேன். மும்தாஜ் உள்ளே வந்து ஜன்னலோரம் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எங்களுக்கும் வருத்தம் இருக்குதுங்க" என்றாள்.

"உங்களுக்கு என்ன வருத்தம்?"

"உங்கம்மா ஞாயித்துக்கெழமைய மட்டும் யாருக்கும் குடுக்கல. கேட்டதுக்கு, 'அது அவ மொறைங்க. அன்னைக்கு அவளே உங்க ஊட்டுக்கு வருவா, பாருங்க'ன்னாங்க. நானும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ரெண்டு டம்ளர் டீ சேத்தித்தான் வெக்கறேன். நீங்க ஒரு வாட்டிகூட வரலீங்களே."

நிஜம்தான் அம்மா. பால் காய்ச்சிய நாளிலிருந்து இன்றுவரை அவர்கள்தான் என் வாசல் ஏறியிருக்கிறார்கள். மும்தாஜ் வீட்டு ஹாலுக்கு என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. மூன்றே எட்டில் இருக்கிற வீடு.

ஊர்க் கிணற்றில் நமக்கு ஞாயிற்றுக்கிழமைதானே முறை? அதை மறக்காமல் எனக்கும் ஒதுக்கி வைத்தாய். ஆனால் அதையும் அவர்களிடம்தான் சொல்லியிருக்கிறாய். முறைக்காரியிடம் சொல்ல வேண்டாமா?

நோயை மறைத்ததற்கு உன்னை மன்னிக்க மாட்டேன். அது நேரில் பார்க்கும்போது நீயும் நானும் போட்டுத் தீர்க்க வேண்டிய சண்டை. அதுவரைக்கும் வைத்திருப்பேன்.

இப்போது மணி ஐந்து. கச்சாயத்துக்கு அரிசி ஊறப் போட்டிருக்கிறேன். வெல்லம் உன் அளவுக்கு, கொஞ்சம் தூக்கலாக. நாளைக் காலையில் சுட்டு எடுத்துக்கொண்டு மும்தாஜ் வீட்டுக் கதவைத் தட்டுவேன். பிறகு கீழே, பிறகு மேலே. என்ன விசேஷம் என்று கேட்டால் ஒன்றுமில்லை, இன்றைக்கு என் முறை என்று சொல்வேன். இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோபம் தீராத உன் ஒரே மகள்,
சாந்தாமணி