பாங்கு நேரத்துச் சவாரி

மார்ச் 4
இன்றும் மாலைப் பாங்கு நேரத்தில் அம்மான் நகரமே காலி. மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டி தேடியவர்களுக்கு நான்தான் கதி. செயலியில் வாடகை இரண்டு மடங்கு ஏறியது. கிறிஸ்தவனான எனக்கு வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் அறுவடை.

மார்ச் 6
பெட்ரோல் பங்க்கில் சக ஓட்டுநர் ராத்திப் பிடித்துக்கொண்டான். "ஏன்டா ஃபரஜ், நோன்பு மாசத்துல நாங்க ஈ ஓட்டுறோம், நீ மட்டும் புது டயர் போடுற?"
பெருமை சும்மா இருக்கவிடவில்லை. போனைத் திறந்து பாங்கு நேரத்து ஒரு மணி நேர வருமானத்தைக் காட்டினேன். பக்கத்தில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

மார்ச் 9
ராத்திப்பும் பாங்கு நேரத்தில் ஓட்டி, வண்டியிலேயே பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்தானாம். மகள் ஜுமானாவுக்குப் பெருநாள் சட்டை வாங்கிவிடுவேன் என்றான். எனக்கும் சந்தோஷம்தான்.

மார்ச் 14
வாடகை ஏறவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நம் ஓட்டுநர்கள். வண்டி கூடினால் வாடகை விழும் என்று இத்தனை வருடம் ஓட்டியவனுக்குத் தெரியாதா? தெரியும். அப்புறம் எதுக்குடா காட்டின? வாய்க்கொழுப்பு. எத்தனை வீட்டுச் சாப்பாட்டைக் கெடுத்துவிட்டேன்.

மார்ச் 17
"வீட்டுக்குப் போடா. சாதா வாடகைதானே வருது?" என்றேன்.
"நான் போனா என் சவாரிய இன்னொருத்தன் எடுப்பான். பகல்லயும் ஆள் இல்ல," என்றான் ராத்திப். "நீ மொதல்ல நிறுத்து பாப்போம்."
அடுத்த சவாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச் 18
இன்றும் நிறுத்தவில்லை.

மார்ச் 22
ராத்திப்பின் மனைவி விஸால் போன் செய்தாள். "அண்ணா, அவரு எங்களோட உக்காந்து நோன்பு தொறந்து ரெண்டு வாரமாச்சு. ஜுமானா வாசல்லயே நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பாரு."
நான் காட்டித்தான் அவன் போனான் என்பதை மறைத்து, "சொல்றேன்மா," என்றேன்.

மார்ச் 23
என் ஒரு வண்டி நின்றால் வாடகை ஏறிவிடாது. இருந்தாலும் பாங்குக்கு முன்பே செயலியை அணைத்துவிட்டு ராத்திப்பைக் கூப்பிட்டேன்.
"நிறுத்திட்டேன்டா. வா, உன் வீட்டுக்கே போவோம்."
"நீ போய்க்கிட்டு இரு. ஒரே ஒரு சவாரி, வந்துடுறேன்."
போனேன். விஸால் பருப்பு சூப்பு ஊற்றினாள். ஜுமானா என்னை அவள் அப்பாவின் இடத்தில் உட்காரவைத்தாள். பாங்கு கேட்டது. ராத்திப் வரட்டும் என்று எழப் பார்த்தேன். ஜுமானா என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள்.
"சாப்பிடுங்க மாமா. அப்பா வர மாட்டாரு."
சாப்பிட்டேன்.