மிருகத்துக்குக் கொடுத்த குரல்

பிப்ரவரி 3, செவ்வாய்
அடுத்த மாதம் வரப்போகும் ராட்சத மிருகப் படத்துக்கு விளம்பரமாக ஐந்து பாக வானொலி நாடகம். சத்தம் எழுப்பும் வேலை வழக்கம்போல் என் தலையில். படம் வெளிவரும்வரை மிருகத்தை யாருக்கும் காட்ட மாட்டார்களாம், எனக்கும்தான். காலடிக்கு மணல் மூட்டை, வாலுக்கு ஈரச் சாக்கு. குரல்தான் வந்து தொலைய மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 5
தகர டின், இழுத்த நாற்காலி, பலூன்மேல் ஈர விரல், எல்லாம் செய்து காட்டினேன். படக் கம்பெனிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மேடம், கதவு கிறீச்சிடுற மாதிரி இருக்கு. கேட்டா பயம் வரணும், பாவமாவும் இருக்கணும்."
பாவத்துக்கு நான் எங்கே போவேன்?

பிப்ரவரி 6
அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். முதல் ஆறு மாதத்தில் பேச்சு எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் பெரும்பாலும் என்கிறார் பேச்சுப் பயிற்சி டாக்டர். அவருக்குக் காட்ட தினமும் காலையில் என் ரெக்கார்டரில் பதிவு செய்கிறேன். அண்ணன் "ஆ" என்று தொடங்குவார், நடுவில் மூச்சு இடறும், மறுபடி முட்டிக்கொண்டு வரும். இன்று "தண்" வரை வந்துவிட்டது! அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

பிப்ரவரி 9
செய்துவிட்டேன். எழுதவே கை கூசுகிறது.
கம்பெனிக்காரர் முன்னால் ரெக்கார்டரில் வேறெதையோ தேடும்போது அண்ணன் குரல் ஓடியது. நிறுத்தாமல், வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன். கம்பெனிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுதான்! எங்க புடிச்சீங்க?"
"வச்சிருந்தேன்" என்றேன்.
மூச்சு இடறும் இடத்தையாவது வெட்டியிருக்கலாம். உயிரே அதில்தான் என்று விட்டுவைத்தேன். பெரிய தொழில் தெரிந்தவள்!

பிப்ரவரி 10
ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். ஒருவேளை மறுத்திருந்தால்? மறுக்க அவருக்கு வாய் இல்லை என்கிற தைரியம்தானே எனக்கு — சீ.

பிப்ரவரி 16
முதல் பாகம் ஒலிபரப்பானது. வீட்டில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி. என் பெயர் வந்ததும் அண்ணன், தன் மகளின் தோளைத் தட்டி என்னைக் காட்டினார். அவ்வளவு பெருமை முகத்தில்.
உறுமல் வந்தது. அவள் துள்ளிக் குதித்தாள். "அத்தை! அது அப்பா மாதிரியே மூச்சு விடுது!"
யாரும் அவளை அதட்டவில்லை. அண்ணி ரேடியோவை நிறுத்தப் போனாள். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். கடைசிவரை கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிப்ரவரி 17
பயிற்சி இல்லை. ரெக்கார்டரைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 19
தெருவில் பிள்ளைகள் எல்லாம் உறுமுகிறார்கள். அந்த இடறலோடு. குரலை மாற்றிவிடலாம் என்று நாடகத் தயாரிப்பாளரிடம் கெஞ்சினேன். "உனக்கென்ன பைத்தியமா? போஸ்டர்லகூட 'அந்தக் குரல்'னு போட்டுத்தான் அடிச்சிருக்காங்க." வேலையே வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு வாய் நன்றாகத்தானே இருக்கிறது!

பிப்ரவரி 23
அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் இடது கையால் சிலேட்டில் கோணல்மாணலாக எழுதினார்: "நல்லா இருந்தது."
ஏண்ணா, நாலு அறை விட்டிருக்கக் கூடாதா?
வெளியே வந்ததும் அண்ணி சொன்னாள். "அவர் மன்னிச்சிட்டாரு. எனக்கு அதெல்லாம் வேணாம். அவர் பேசணும். பேச வை, போ."

மார்ச் 13
படம் இன்று வெளியானது. கூட்டமாம்.
டாக்டர் கேட்டார்: "நல்லா வந்துட்டிருந்தாரே, வீட்ல ஏதாவது நடந்துச்சா?" அண்ணி என்னைப் பார்த்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 8
பத்து மணி இருக்கும். எங்கோ டங், டங் என்று சத்தம். பக்கத்து வீட்டில் குழாய் வேலை போலிருக்கிறது என்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் குளியலறைப் பக்கம் போனேன்.
அண்ணன் வழுக்கி விழுந்து கிடந்தார். கையில் மக். வாளியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.
"கத்தியிருக்கலாமே அண்ணா!"
அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். இடுப்பு வலியில் உயிர் போயிருக்கும், முகமே கோணிவிட்டது. சத்தம் வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.