ஒரு சைஸ் பெரிய கைத்துப்பாக்கி

என் செல்ல அம்மா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. உன் மகள் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்கிறாள். ஆளைச் சுட இல்லை, அட்டையில் போட்டிருக்கும் கறுப்பு வட்டத்தைச் சுட. நீ இருந்திருந்தால், "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்று திட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே எதிர்வீட்டில் போய்ப் பெருமையடித்திருப்பாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் இன்னும் தோஹாவில்தான் இருக்கிறோம். உன் மாப்பிள்ளையின் கம்பெனி கிளப்பில், ஊருக்கு வெளியே ஒரு மணல்மேட்டை ஒட்டி, சுடும் இடம் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை லீவில், வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். துப்பாக்கிகள் கிளப்பிலேயே பூட்டில் இருக்கும், வீட்டுக்கு வராது. சேர வருகிறவர்கள் தங்களுக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஐந்து குண்டில் குறைந்தது மூன்று அட்டையில் பட வேண்டும். படாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

எனக்கு எதற்கு இந்த ஆசை என்கிறாயா? எதையும் முடிக்காதவள் என்று எனக்கு வீட்டில் பெயர். தையல் வகுப்பு பாதியில் நின்றது, டைப்ரைட்டிங் பாதியில் நின்றது, கார் ஓட்டப் பழகியது மூன்று நாள். இதையாவது முடித்துக் காட்டாவிட்டால் எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விடும் போலிருந்தது.

அங்கே பொறுப்பில் இருப்பவர் கான் சாப், பாகிஸ்தான் ராணுவத்தில் இருந்தவர். முதல் நாள் மேஜையில் இரண்டை வைத்தார். ஒன்று தடித்த மரப்பிடியோடு நல்ல கனம். இன்னொன்று ஒல்லிப் பிடி, சிறியது. இரண்டுக்கும் ஒரே சின்னத் தோட்டாதான். கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் எடுக்கக்கூட இல்லை, பெரியதைக் காட்டிவிட்டேன். ஏன் தெரியுமா? என் காதில் கேட்டது உன் குரல்தான்.

"ஒரு சைஸ் பெரிசாவே எடு. போகப் போகச் சரியாயிடும்."

பாவாடையில் நான்கு விரல் மடிப்பு. பள்ளி ஷூவின் நுனியில் பஞ்சு. கல்யாண ரவிக்கையைக்கூட, சதை போடும் என்று பெரிதாகத்தானே தைக்கச் சொன்னாய்? நான் இங்கே வர விமானம் ஏறும்போது நீ வாங்கித் தந்த கறுப்பு ஷூவும் அப்படித்தான். இருபத்தாறு வயதுக்கு மேல் யாருக்காவது கால் வளருமா அம்மா? சுடும் இடத்தில் செருப்பு கூடாது என்பதால் பஞ்சோடு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

பெரிய துப்பாக்கியில் என் விரல் விசைக்கு எட்டவில்லை. எட்ட வைப்பதற்குக் கையைத் திருப்பினால் குழல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முதல் வெள்ளி, அட்டையில் ஓட்டையே இல்லை. இரண்டாவது வெள்ளி ஒன்று விழுந்தது, பக்கத்து ஆளின் அட்டையில். அந்த மலையாளி அக்கவுண்டன்ட் சிரித்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு போடுங்க மேடம், நான் பாஸாயிடுவேன்" என்றார்.

வரும் வழியில் உன் மாப்பிள்ளை, "விட்டுடு சாரதா, உன் கைக்கு இது சரிப்பட்டு வராது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நேற்று மூன்றாவது வெள்ளி. என் முறை வருவதற்குள் ஷூவுக்குள் மணல் புகுந்துவிட்டது. கழற்றி உதறினேன். பஞ்சு உருண்டை மணலில் விழுந்தது.

"யே க்யா ஹை, மேடம்? என்ன இது, காலில் காயமா?" என்று கான் சாப் பதறினார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் உன் கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருடைய அம்மாவும் அப்படித்தானாம்.

நான் சிரிக்கவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷமாகப் போடுகிற ஷூ, இன்னும் எனக்குச் சரியாகவில்லை. நேரே மேஜைக்குப் போனேன்.

"கான் சாப், வோ சோட்டாவாலா தீஜியே."

அந்தச் சின்னதை எடுத்துத் தந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள், அப்புறம் திறங்கள் என்றார். திறந்தேன். குழலின் மேலிருந்த முன் குறியும் பின் குறியும் ஒரே வரிசையில் நின்றன. விரல் தானாக விசையில் போய் உட்கார்ந்தது. ஐந்து சுட்டேன் அம்மா. நான்கு அட்டையில்! ஒன்று கறுப்பு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தது. உன் மாப்பிள்ளை நம்பாமல் இரண்டு தடவை எண்ணினார். படிவத்தில் சின்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரொம்ப வருஷம் கழித்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒன்று கேட்கட்டுமா? அப்பா இருந்தபோது நீ வாங்கித் தந்த சிவப்புச் செருப்பு என் காலுக்குக் கச்சிதமாக இருந்தது. அவர் தவறிய பிறகுதான் எல்லாம் ஒரு சைஸ் பெரிதாயிற்று. அடுத்த ஜோடி வாங்கித் தர நீ இருப்பாயோ மாட்டாயோ என்று பயந்தாயா அம்மா? இத்தனை வருஷம் கேலி செய்தேனே, ஒரு தடவையாவது இதைக் கேட்டிருக்கக் கூடாதா?

போன வாரம் உன் பேத்தி கவிதாவுக்கு ஷூ வாங்கினேன். "மம்மி, ரொம்ப லூஸா இருக்கு" என்றாள். "போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி, நானே பஞ்சும் வைத்தேன். இன்று காலை அந்தப் பஞ்சை எடுத்துவிட்டேன். சாயங்காலம் நஜ்மா பகுதியில் வாங்கின அதே கடைக்குப் போய் அவள் சைஸுக்கு மாற்றி வரப்போகிறோம்.

உன் கறுப்பு ஷூவை மட்டும் விட மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பஞ்சோடு அதைப் போட்டுக்கொண்டுதான் சுடுவேன்.

கவிதாவுக்கு இனிமேல் காலுக்குச் சரியானதுதான். கால் வளர்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். வாங்கித் தர நான் இருப்பேன் அம்மா, இது உனக்கு நான் தரும் வாக்கு.

கால் வளராத உன் மகள்,
சாரதா